உஸ்மான் பாய் சாக விடாத பெண்

உஸ்மான் பாய் இறந்த செய்தி என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தது. திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து, மெஷின் சூடாகட்டும் என்று நின்றிருந்தேன். அவருடைய மகன் சலீம் வந்து ஓர் ஆதார் அட்டையை நீட்டி, "அஞ்சு காப்பிக்கா" என்றான். அட்டையில் பாய் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சலீம், இதுக்குக்கூட உங்கத்தா வரமாட்டாரா? இன்னும் எம்மேல கோவமா?" என்று கேட்டேன்.

"அத்தா நேத்து காலையில மவுத்தாயிட்டாருக்கா. மாரடைப்பு. சாயங்காலமே அடக்கம் பண்ணிட்டோம். உனக்கு நாலு வாட்டி போன் போட்டேன், நீ எடுக்கல."

திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். போன் பைக்குள் கிடந்தது. சலீமிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஐந்து காப்பி எடுத்துக் கொடுத்தேன். ஐந்திலும் அவர் முறைத்தார்.

செஞ்சிக்காரர்களுக்கு உஸ்மான் பாயை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வல்லம் போகிற சாலையில் இருந்த அரிசி ஆலையில் முப்பது வருடத்துக்கு மேல் பாய்லர் பார்த்தவர். உமியை எரித்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியில் நெல்லை அவிக்கிற வேலை. அமைதியான மனிதர், ஐந்து வேளை தொழுகிறவர், யார் வம்புக்கும் போகாதவர் என்று நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். சொல்லுங்கள். ஏழு வருடமாக அவர் என் உயிரை எடுத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் எனக்கு இன்னும் அவர்மேல் கோபம் தீரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் எழுத முடியும்.

தாலுக்கா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான், கூட்டம் இல்லாத நேரத்தில் நாவல் எழுதுகிறவள். குடும்ப நாவல் இல்லை. நீராவியில் பறக்கும் கப்பல்கள், பித்தளைப் பற்சக்கரங்கள், புகைபோக்கிக்குள் குடியிருக்கும் பேய்கள், யாருக்கும் அடங்காத பெண்கள். இந்த வகைக்கு வெளிநாட்டில் ஸ்டீம்பங்க் என்று பெயர். எங்கும் இல்லாத ஒரு பழைய செஞ்சியைக் கற்பனை செய்து, ராஜகிரிக் கோட்டை மலைக்கும் கிருஷ்ணகிரி மலைக்கும் நடுவில் நீராவி வான்கப்பல் ஓட்டும் அம்சா என்ற பெண்ணை அதில் உலவ விட்டிருந்தேன். இதை எழுதுகிறேன் என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பாய்க்கு அது தெரிந்ததே என் கஞ்சத்தனத்தால்தான். வீணாய்ப்போன கையெழுத்துப் பிரதித் தாள்களைத் தூக்கிப்போட மனம் வராமல், மெஷினில் சோதனைக்கு வைத்திருப்பேன். ஒருநாள் அவர் தன் பாய்லர் சான்றிதழைக் காப்பி எடுக்க வந்தார். அந்தக் காப்பி என் நாவலின் நாற்பத்தோராம் பக்கத்தின் முதுகில் அச்சாகிவிட்டது. நானும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்காமல் வாங்கிப்போனார். மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

"இந்தப் பேப்பர் பின்னாடி ஒரு பொண்ணு சேஃப்டி வால்வ கயித்தால கட்டுது. மிச்சம் எங்க?"

எனக்கு ஒரு வாசகர் கிடைத்துவிட்டார் என்று பூரித்துப்போனேன். அடுத்த பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"தப்பிச்சிடுச்சா? எப்டிம்மா தப்பிக்கும்? அதிகமான ஸ்டீம் வெளிய போறதுக்குத்தான் அந்த வால்வே இருக்குது. அத கட்டிப்புட்டா அவளும் இல்ல, கப்பலும் இல்ல, கீழ நிக்கிறவனும் இல்ல."

"இது கற்பனைக் கதை பாய்."

"கற்பனைன்னா பாய்லர் பயப்படுமா?"

அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. தினமும் பதினோரு மணிக்கு வருவார். வீணான தாளைக் கிழித்து, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தப்புச் சீட்டு எழுதி வைப்பார். அம்சா நெருப்பை மூட்டிய அடுத்த வரியில் கப்பலைக் கிளப்பினால், "ஸ்டீம் ஏற எவ்ளோ நேரமாகும்னு தெரியுமா?" என்று ஒரு சீட்டு. அவள் எதிரியோடு கத்திச்சண்டை போட்டால், "அதுவரைக்கும் தண்ணி லெவலு யாரு பாத்தாங்க?" என்று இன்னொன்று. காதல் காட்சியிலும் அதே கேள்வி. வாடிக்கையாளர்கள் பட்டா சிட்டாவோடு வரிசையில் நிற்க, இவர் நடுவில் நின்றுகொண்டு, "அந்தப் பையன் கைய புடிச்சிக்கினு இருக்கட்டும், நான் வேணாங்கல. ஒரு கண்ணு தண்ணி லெவலு காட்டுற கண்ணாடிக் குழாய் மேல இருக்கணும்" என்பார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பேய்களைப் பற்றித்தான் நான் பயந்தேன். மார்க்கப் பற்றுள்ள மனிதர், கோபித்துக்கொள்வார் என்று அந்த அத்தியாயங்களை முதலில் மறைத்து வைத்தேன். எப்படியோ அதையும் எடுத்துப் படித்தார். புகைபோக்கியில் குடியிருக்கும் பேய், சங்கு ஊதி அம்சாவிடம் பேசுகிற இடம் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "நெஜத்துல இதெல்லாம் இல்லம்மா. கதையில வந்துட்டுப் போவட்டும். பேய்க்கு ரூல்சு கெடையாது. பாய்லருக்கு இருக்குது" என்றார். இந்த வாக்கியத்தை அவர் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்கு எண்ணிக்கையே இல்லை.

வான்கப்பல் ராஜகிரி உச்சியில் இறங்குவதாக எழுதியபோது, மேலே தண்ணீருக்கு என்ன செய்வாள் என்று பிடித்துக்கொண்டார். சுனை இருக்கிறது என்றேன். பார்த்தால்தான் நம்புவேன் என்றார். அறுபது வயதுக்கு மேற்பட்ட மனிதர், முழங்கால் வலிக்காரர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு படி ஏறினார். பாதி மலையில் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, இந்த வழியாக உமி மூட்டை ஏற்ற எத்தனை ஆள் வேண்டும் என்று யோசித்தார். உச்சிக்குப் போய்த் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "சரி, எழுது" என்றார். கீழே இறங்கியபின் மூன்று நாள் என்னால் கடையில் நிற்க முடியவில்லை. அவர் நான்காம் நாள் வந்து, உமி சரிப்படாது, கப்பலுக்குக் கடலைத் தோல் போடச் சொல், எடை குறைவு என்றார்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் போனில் படிக்கும் இந்த வகை ஆங்கில நாவல்களை, கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் அவருக்குக் கதையாகச் சொல்வேன். ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் டீ ஆறிப்போவது தெரியாமல் கேட்பார். இயந்திரக் கை வைத்த மருத்துவச்சி, ஆவிகளைப் பிடித்துப் பெட்டியில் அடைக்கிற துப்பறியும் பெண், ரயில் கொள்ளைக்காரி என்று யார் வந்தாலும் உடனே அவர்கள் கட்சியில் சேர்ந்துவிடுவார். அந்தப் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் உடுப்பு போடுவார்கள் என்று சொன்னபோது மட்டும் பொறுக்கவில்லை. "அந்தச் சூட்டுல அப்டி கட்டிக்கினு நின்னா மயக்கம் போட்டு உழுந்துரும். எழுதுனவங்கள பாய்லர் ரூமுல ஒரு மணி நேரம் நிக்க வெக்கணும்." ஆனாலும் மறுநாள் வந்து, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று முதலில் கேட்டவர் அவர்தான். அப்படிக் கேட்கிற ஒரே ஆள் இந்த ஊரில் எனக்கு அவர்தான் இருந்தார் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இனி சண்டைக்கு வருகிறேன்.

மூன்றாம் பாகத்தின் முடிவில் அம்சாவைச் சாகடித்தேன். பாய்லரில் தண்ணீர் வற்றி, கிருஷ்ணகிரிக்கு மேல் கப்பல் வெடிக்கிறது, ஊரைக் காப்பாற்ற அவள் உள்ளேயே இருந்துவிடுகிறாள். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. பதிப்பாளரும் படித்துவிட்டுப் பிரமாதம் என்றார். பாய் கடைசிப் பக்கத்தை மூன்று தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"வெடிக்காது."

"இன்னா பாய்?"

"தண்ணி கொறஞ்சா சூட்டுல ஈய அடைப்பு உருகிடும். அடைப்பு உருகுனா ஸ்டீம் எறங்கி நெருப்ப அணைச்சிடும். அதுக்குத்தான் அத வெக்கிறது. அம்சா சாவாது."

"அந்த அடைப்பக் கழட்டிட்டாங்கன்னு எழுதிடுறேன்."

"யாரு கழட்டுனது? எதுக்குக் கழட்டுனாங்க? அம்சா பாக்காம எவன் அந்த ரூமுக்குள்ள போனான்?"

ஒரு வாரம் இதே பேச்சு. எதிரி ஒருவனை நுழைத்தேன், ஒத்துக்கொள்ளவில்லை. பேய் கழற்றியது என்றேன், அது நன்றியுள்ள பேய், அப்படிச் செய்யாது என்றார். எட்டாம் நாள் கடையில் ஆட்கள் நிற்கும்போதே கத்திவிட்டேன். "இது எங்கதை பாய். நான் பெத்த பொண்ணு. சாவணும்னா சாவும். நீங்க யாரு கேக்குறதுக்கு?"

அவர் மேசைமேல் இருந்த கையெழுத்துப் பிரதியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அது சாவுறதுக்கு ஒரு ஞாயமான காரணத்த எழுது. அப்புறம் வந்து வாங்கிக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தைகள் அவை. கம்ப்யூட்டரில் பிரதி இருந்தது, அந்தத் தாள்கள் எனக்குத் தேவையே இல்லை. ஆனாலும் அவரே கொண்டுவந்து தரட்டும் என்று வீம்பு. நானே வந்து கேட்கவேண்டும் என்று அவருக்கு வீம்பு. மூன்று மாதம். எதிர்ப்புற நடைபாதையில் போவார், என் கடைப் பக்கம் தலையைத் திருப்பமாட்டார். நானும் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். பதிப்பாளர் போன் செய்து, முடிவு தயாரா என்று கேட்கும்போதெல்லாம் தயார் என்பேன், அனுப்பமாட்டேன். அந்த ஈய அடைப்பு என் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. இரண்டு தெரு தாண்டிப் போய், "வாங்க பாய், டீ குடிக்கலாம்" என்று கூப்பிட எனக்கு என்ன கேடு? கால் தேய்ந்துவிடுமா? போகவில்லை. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு இந்த மனிதரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இதில் நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

பத்து நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ரஹீமா அக்கா இத்தா இருக்கிறார். கணவரை இழந்தவர்கள் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் வீட்டுக்குள் இருக்கும் முறை. உள் அறையில் ஜன்னலை ஒட்டிய கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்காவை அதற்கு முன் நான் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். அக்காவே என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நீதான அம்சாவோட அம்மா?"

திடுக்கிட்டுப்போனேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஏழு வருடமாக, மாலைத் தொழுகை முடித்து வந்து, பாய் அவருக்கு என் நாவலைப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டியிருக்கிறார். தப்புச் சீட்டெல்லாம் எனக்குத்தான். அக்காவிடம் ஒரு குறையும் சொன்னதில்லையாம்.

"கப்பலு வெடிக்கிற கட்டம் படிச்சப்ப எனக்கு நெஞ்சு அடைச்சிக்கிச்சி. செத்துட்டாளான்னு கேட்டேன். இல்ல, குடைய விரிச்சிக்கினு குதிச்சிட்டா, காத்து அப்டியே தூக்கிக்கினு போயி வல்லத்துல எறக்கிடுச்சின்னாரு."

என்னால் தாங்க முடியவில்லை. "குடையா? கிருஷ்ணகிரியிலேர்ந்து வல்லத்துக்கா? ஒரு ஈய அடைப்புக்கு என்னை ஒரு வாரம் அழவெச்சாரேக்கா அந்த மனுசன்" என்றேன். சாவு வீடு என்பது மறந்துபோய்க் குரல் உயர்ந்துவிட்டது.

"நானும் கேட்டேன். துணிக்குடையில எப்டிங்க அம்மாந்தூரம் போவ முடியும்னு. 'அவளால முடியும்'னாரு."

அந்த மூன்று மாதமும் தினம் மாலையில் பாய் கதை சொல்லியிருக்கிறார். கையில் தாளை வைத்துக்கொண்டு, அதில் இல்லாததையெல்லாம் படிப்பதுபோல் சொல்லியிருக்கிறார். வல்லத்தில் கடலைக் காட்டில் இறங்கினாள். அனந்தபுரம் சந்தையில் பழைய இரும்பு பொறுக்கினாள். மாட்டு வண்டிக்கு இயந்திரம் பூட்டினாள். பெண் கேட்டு வந்தவனை விரட்டினாள்.

"செத்ததுக்கு மொத நாளு மண்டகப்பட்டு குகைக் கோயிலு வரைக்கும் வந்துட்டா. உள்ள இருட்டுல யாரோ இருமுறாங்க. மிச்சம் நாளைக்குன்னு தாள மடிச்சி வெச்சிட்டாரு" என்றார் அக்கா. பிறகு என் முகத்தையே பார்த்தார். "அந்தத் தாளு அங்கதான் இருக்குது. சலீமப் படிக்கச் சொன்னேன். அதுல அப்டி எதுவும் இல்ல, அம்சா செத்துட்டான்னு எழுதியிருக்குதுன்னு சொல்றான். அவனுக்குத் தமிழு சரியா வராது. நீ சொல்லு."

இன்னும் நான்கு மாதம் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க வேண்டிய பெண். சலீம் கதவருகே நின்று என்னைப் பார்த்தான்.

"அவன் தப்பாப் படிச்சிட்டான்க்கா" என்றேன்.

மறுநாளே பதிப்பாளருக்கு முடிவை அனுப்பிவிட்டேன். அம்சா சாகவில்லை. குடையோடு குதிக்கிறாள், வல்லத்தில் இறங்குகிறாள். எப்படி என்று விளக்கவில்லை. பதிப்பாளர் இது நம்பும்படி இல்லை என்றார். நம்பாவிட்டால் போகட்டும் என்றேன். தப்புச் சீட்டுகள் முந்நூறுக்கு மேல் என் கடை மேசை டிராயரில் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொள்வேன். ஆனால் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சீட்டுகளை அல்ல. தனக்குத் தெரிந்த அத்தனை விதிகளையும் ஒரு பெண்ணுக்காக ஒரு மாலையில் தூக்கிப்போட்டாரே, அந்த மனத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அன்று அந்த ஜன்னலோரத்தில் அக்கா என்னை விடவில்லை. "அப்ப குகைக்குள்ள இருமுனது யாரு?" என்று கேட்டார்.

"ஒரு பாய்லர்காரரு. கப்பலு வெடிச்சிதே, ஏன் வெடிச்சிதுன்னு கேக்கறதுக்கு அவளத் தேடிக்கினு வந்திருக்காரு."

அக்கா முந்தானையை இழுத்துத் தலையில் சரிசெய்துகொண்டார்.

"அவரு கூடவே வருவாரா?"

"வருவாருக்கா. வழி நெடுவ தப்பு சொல்லிக்கினே வருவாரு."

"அவ சண்ட போடுவாளே."

"போடுவா" என்றேன். "ஆனா பேசாம மட்டும் இருக்கமாட்டா."