முன் சீட்டுக்குத் தரும் ஈரத்துண்டு

பெங்களூரிலிருந்து சென்னைக்கு பிளேனில் முக்கால் மணி நேரம். அந்த நேரத்துக்காக முன்பக்கத்துப் பெரிய சீட்டை எடுப்பதா, பின்னால் சாதாரண சீட்டே போதுமா என்று போன வாரம் என் மருமகன் கேட்டார். "பின்னாடியே உக்காருங்க" என்றேன். ஏன் என்று கேட்டார். வள்ளென்று விழுந்துவிட்டேன். பாவம், மனுஷன் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. ஒரே பயணத்தில் இரண்டு சீட்டிலும் உட்கார்ந்தவன் நான். அதுதான் விஷயம்.

எண்பதுகளின் பிற்பாதியில் அரூர் பக்கம் ஒரு கருங்கல் குவாரியில் சூப்பர்வைசராக இருந்தேன். விசில் ஊதி, ஆட்களெல்லாம் ஒதுங்கிய பிறகுதான் வெடி வைக்க வேண்டும். அன்று லாரி காத்துக்கொண்டிருந்தது. "ஊதிக்கிட்டே இருந்தா பொழுது போயிரும், போடுங்கய்யா!" என்று முதலாளி சத்தம் போட்டார். பாறை சரிந்தது. வெடிக்குக் குழி அடிக்கிற ஆள் ஒருவர் அடியில் சிக்கிச் செத்துப்போனார். முதலாளி போட்ட சத்தம் இரண்டு பேர் காதில்தான் விழுந்தது. ஒருவன் நான். இன்னொருவர் என் பக்கத்தில் நின்ற கம்ப்ரசர் ஓட்டுகிறவர்.

பத்து நாள் கழித்து முதலாளி, "மெட்ராஸ் வரைக்கும் போயிட்டு வருவோம், வக்கீலும் வர்றாரு" என்றார். காரில் பெங்களூர் போய், அங்கிருந்து பிளேன். கையில் டிக்கெட்டைக் கொடுத்தார். எனக்கு முன் சீட்டு. அவருக்கும் வக்கீலுக்கும் பின்னால்.

"நீங்க முன்னாடி உக்காருங்க, நான் பின்னாடி போறேன்" என்றேன்.

"அட சும்மா உக்காருய்யா. ஒரு தடவையாச்சும் அனுபவி."

ஏழு வருஷத்தில் அந்த ஆள் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

முன்னால் சீட்டு எங்கள் வீட்டுக் கட்டிலில் பாதி அகலம் இருந்தது. காலை நீட்டினால் எதிர் சீட்டில் இடிக்கவில்லை. மிட்டாய்த் தட்டை நீட்டிய பெண் நான் எடுத்து முடிக்கும்வரை சிரித்துக்கொண்டே நின்றாள். நான் உட்கார்ந்ததும் எனக்குப் பின்னால் சரக்கென்று ஒரு திரையை இழுத்தார்கள். அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது.

அப்புறம் இடுக்கியில் பிடித்து ஆவி பறக்க ஒரு ஈரத்துண்டு கொடுத்தார்கள். முகத்தில் ஒற்றி எடுத்தேன். மேலேயிருந்து குளிர்காற்று பட்டது. கழுத்திலிருந்து இடுப்புவரை உடம்பு ஒரு உலுக்கு உலுக்கியது.

சட்டென்று முனியப்பன் கோயில் ஆடு ஞாபகத்துக்கு வந்தது. குவாரி திறந்தபோது வெட்டினோம். எங்கள் பக்கத்தில் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் வெட்ட உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அந்த ஆடு வெகுநேரம் அசையாமல் நின்றது. முதலாளி சொம்பை வாங்கி, தானே காதுக்குள் ஊற்றினார். சிலுப்பாமல் என்ன செய்யும்?

நான் துண்டைத் தட்டில் போட்டேன். மடியில் இருந்த பையைத் தடவியபோது முதலாளியின் கண்ணாடிக்கூடு தட்டுப்பட்டது. காரில் என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். கொடுத்துவிட்டு வரலாம் என்று எழுந்து திரைவரை போனேன்.

திரைக்கு அடுத்த வரிசையிலேயே அவர்கள் இருந்தார்கள். கண்ணாடி இல்லாததால் வக்கீல் ஒரு காகிதத்தை முதலாளிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். இன்ஜின் இரைச்சலில் உரக்கத்தான் படிக்க வேண்டியிருந்தது. என் பெயர், அப்பா பெயர், வயது. "முதலாளி சம்பவ இடத்தில் இல்லாதபோது, விசில் ஊதாமல், என் சொந்தப் பொறுப்பில் வெடிக்க உத்தரவிட்டேன்." அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்போது என் மகளுக்கு மூன்று வயது. திரையை விலக்கிக்கொண்டு போய், அவர்களுக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்தேன். முட்டி முன்னால் இருந்த சீட்டில் இடித்தது, யாரோ விட்ட சிகரெட் புகை கண்ணைக் கரித்தது. ஆனால் அந்த இரண்டு பேரும் கண்ணெதிரே இருந்தார்கள்.

"என்னய்யா இங்க வந்துட்ட? முன்னாடி டிபன் குடுப்பாங்க."

"பசிக்கலீங்க. இங்கயே உக்காந்துக்கிறேன்."

வக்கீல் காகிதத்தை மடித்தார். மெட்ராஸில் இறங்கியதும் சொல்லிவிட்டேன். "நான் கையெழுத்துப் போட மாட்டேங்க. வெடிக்கச் சொன்னது நீங்க."

முதலாளி கோபப்படவில்லை. "சரி, பஸ் புடிச்சு ஊருக்குப் போ" என்றார். திட்டியிருந்தால்கூடப் பயம் தெளிந்திருக்கும்.

வேலை போயிற்று. இரண்டு வாரம் கழித்து அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். முதலாளியின் கார் வந்து நின்றது. பின் சீட்டில் கம்ப்ரசர்காரர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சார், பிளேன்ல போறேங்க! எனக்கு முன் சீட்டாமுங்க!"

முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கம்ப்ரசர்காரர் இறங்கியிருப்பார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் அந்தக் காகிதம் மறுபடி என்னிடம்தான் வரும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"நல்லபடியா போயிட்டு வாங்க" என்றேன்.

திங்கட்கிழமை கம்ப்ரசர்காரர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து இரண்டு பிளேன் மிட்டாயை எடுத்து என் மகளிடம் கொடுத்தார். எவ்வளவு பெரிய சீட்டு, எப்படிச் சிரித்தார்கள் என்று சொல்லி மாளவில்லை.

"சுடச்சுட ஈரத்துண்டு ஒண்ணு குடுத்தாங்க பாருங்க சார். மூஞ்சியத் தொடச்சேன். அப்புறம் மேல இருந்து ஜில்லுனு காத்து. அப்படியே உடம்பே சிலுப்பிக்கிச்சுங்க!" தோளை உலுக்கிக் காட்டிச் சிரித்தார். என் மகளும் அவரைப் போலவே உலுக்கிச் சிரித்தாள்.

போகும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார். "மெட்ராஸ்ல ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க சார். எனக்கு என் பேரு மட்டுந்தானுங்களே எழுதத் தெரியும். அதுல என்ன இருக்கும்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

"எனக்கும் தெரியலீங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றது.