மாதாவின் எதிர்வீடு

அந்த வருஷம் அடையாறு பெருகி, சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் எங்கள் தெருவையே சாய்த்துவிட்டது. மாதா கோயில் விழுந்தது. எதிரே என் வீடும் விழுந்தது. கோயில் எழும்பி, சாமியார் ஜெபம் சொல்லி அதை மந்திரிக்கும் வரை என் வீட்டுக்குக் கூரை போடமாட்டேன் என்று பொருத்தனை செய்துகொண்டேன். மனைவியையும் பிள்ளைகளையும் மயிலாப்பூரில் மச்சினன் வீட்டில் விட்டுவிட்டு, கிண்டியில் வேலை முடிந்து வந்து கோயிலுக்குச் செங்கல் சுமந்தேன்.

யுத்த காலம், சிமெண்ட் கிடைக்காது. சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துத்தான் கட்டினோம். முகப்பில் மாதாவைச் சுதையில் செய்ய ஒரு மேஸ்திரி வந்தார். கோபுரங்களில் பொம்மை செய்தவர். நெற்றி நிறைய விபூதி. அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. கரண்டி முனையால் நாலு இழுப்பு இழுப்பார், முக்காட்டில் காற்று புகுந்தது போல மடிப்பு விழும். மாதா கையில் குழந்தை யேசுவின் கால்விரல்களைப் பார்த்தபடி, தலையில் செங்கலோடு நின்றுவிட்டேன்.

எல்லாம் முடிந்தது, கண் மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை சாமியார் மந்திரிக்க வருகிறார்.

"கண்ணு எப்ப மேஸ்திரி?" என்றேன்.

"தொறந்ததும் மொதல்ல பாக்கறது நல்லதா இருக்கணும் நைனா. எங்க வழக்கத்துல பசுவும் கன்னும் கொண்ணாந்து நிறுத்துவோம். இங்க எதிர்ல இன்னா கீது? உன் குட்டிச்சுவரு. அத்த பாக்கவா இந்தம்மா கண்ணு தொறக்கணும்?"

"கோயில் முடியாம நான் கட்டமாட்டேன். பொருத்தனை."

"நீ கட்டாம நான் கண்ணு எழுதமாட்டேன். போ, உங்கம்மாகிட்டயே கேளு!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. மாதாவுக்குக் கொடுத்த வாக்கை மீறுவதா, கண்ணில்லாத மாதாவை மந்திரிக்க விடுவதா?

மீன் விற்கும் பக்கத்து வீட்டு அக்காதான் வழி சொன்னாள். "கூரைதானே வேணாம்னு நேந்துக்கினே? சுவரு வேணாம்னா சொன்னே? நீ தொடாதே, நாங்க எழுப்பறோம்."

மூன்றே நாள். மிச்சமிருந்த சுண்ணாம்பில் தெருவே சேர்ந்து என் முகப்புச் சுவரை எழுப்பியது. யாரும் கேட்காமலே மேஸ்திரி வாசற்படிக்கு மேலே ஒரு முல்லைக்கொடி ஓடவிட்டார்.

ஞாயிறு காலை என் மனைவி கைக்குழந்தையோடு மயிலாப்பூரிலிருந்து வந்தாள். தூரிகையோடு சாரத்தில் நின்ற மேஸ்திரி திரும்பிப் பார்த்தார்.

"நைனா, நீ தள்ளிக்க. அவங்க ரெண்டு பேரும் வாசல்ல நிக்கட்டும்."

அவர்கள் தலைக்கு மேலே வெறும் வானம். மாதா கண் திறந்தார்.

சாமியார் கோயிலை மந்திரித்த மறுநாள் கூரை போட்டோம்.