போகாத மலைக்கு வழி

போகாத ஊருக்கு வழி சொல்வதுதான் என் பிழைப்பு. மெல்பேர்ணில் ஒரு கதிரையில் இருந்துகொண்டு தென்துருவத்து மலைத்தொடர் ஒன்றுக்கு வரைபடம் கீறுகிறேன். செய்கிற வேலையை ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியாமல் வயிறெரிகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சாப்பாட்டு வரிசையில்

கேரம் டவுன்ஸ் கோயிலில் பூசை முடிந்து வரிசையில் நின்றபோது, தெரிந்த அங்கிள் ஒருவர் என்ன வேலை என்று கேட்டார். அந்த மலைகள் கழுத்துவரை பனிக்குள் புதைந்தவை, உச்சிகள் மட்டும் வெளியே தெரியும் என்றேன். பனி ஆறு மாதிரி நகர்ந்து பிளக்கும், பிளவைப் புதுப் பனி மூடிவிடும், வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படங்களைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துக் குறிப்பேன் என்றேன். தட்டில் சாம்பார் விழும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"சனமே இல்லாத இடத்தில ஆர் பிள்ளை வழி கேக்கப் போகினம்?"

அழகு கெட்டுவிட்டதாம்

வழி கேட்க ஆள் இருந்தது. டூங்கபியில் வளர்ந்த துஷி, பாறை ஆராய்ச்சிக்காரி, ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு அந்த மலைக்குப் புறப்பட இருந்தாள்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். அந்த மலைகளுக்கு நடுவே உள்ள கணவாயை முதன்முதலில் கடந்தவர்கள் போன பாதையை, சாமி படத்துக்குப் பொட்டு வைப்பதுபோல, ஒவ்வொரு வரைபடத்திலும் சிவப்புக் கோடாகப் போடவேண்டும். புதிய படங்களில் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே பிளவுகள் கிடந்தன. அவற்றைக் கறுப்பால் அடைத்து, மேற்கால் சுற்றிப் போகும் வழியைக் கீறினேன். மேலாளர் கார்த்திக், கோயம்புத்தூர்க்காரர், இரண்டையும் அழித்துவிட்டார். வரைபடம் கண்காட்சிக்கும் போகிறதாம், அசிங்கமாக இருக்கிறதாம். மலை நின்ற இடத்தில் நிற்கும், பனி நிற்காது என்று கத்தினேன். ஆறு உயிர் என்றேன்.

"அந்தக் காலத்துலயே நடந்து போயிருக்காங்க. இப்ப என்னங்க பயம்?"

கோல் போன இடம்

அன்றே என்னுடைய பிரதியைத் துஷிக்கு அனுப்பிவிட்டேன். தன்னைத் தாண்டிப் போனதற்குக் கார்த்திக் அறைக்குள் கூப்பிட்டு ஏசிக் கிழித்தார். வேலை போனால் போகட்டும் என்றுதான் நின்றேன்.

கணவாய் வாசலில் நின்று துஷி செய்மதித் தொலைபேசியில் பேசினாள். முன்னால் பனி மேசை மாதிரி மட்டமாக இருந்ததாம். இரண்டு பேர் சிவப்புக் கோட்டாலேயே போவோம் என்றார்களாம். இவள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பனியைக் குத்திப் பார்க்கும் நீளக் கோலை இறக்கியிருக்கிறாள்.

"அக்கா, கோல் முழுசா உள்ளுக்குப் போயிட்டுது. கீழ ஒண்டுமே இல்லை. நாங்கள் மேற்கால போறம்."

கைதட்டல்

ஆறு பேரும் முழுசாகத் திரும்பி வந்தார்கள். வரவேற்புக் கூட்டத்தில் கார்த்திக் நான் துஷிக்கு அனுப்பிய அதே வரைபடத்தைக் கறுப்போடு அப்படியே திரையில் போட்டார். எல்லாரும் அவருக்குக் கைதட்டினார்கள். துஷி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். முடிந்ததும் மனுசன் என்னிடமே வந்து சிரித்தார்.

"பார்த்தீங்களா, நான் ஓகே பண்ணுன மேப் எப்படிக் காப்பாத்துச்சுன்னு."

பனி எப்போதும் மேலிருந்து கீழேதான் இறங்கும், எங்கள் அலுவலகத்தில் நல்ல பேர் மட்டும் கீழிருந்து மேலே ஏறும்.