கஸ்தூரியம்மாள் அளந்த மழை

பெரியகுளத்தில் எங்கள் தாவர, வானிலைச் சங்கத்தை 1884-இல் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் ஆரம்பித்தார்கள். லண்டனில் இருந்த ஏதோ ஒரு பெரிய சங்கத்தைப் பார்த்து விதிகளை எழுதி வைத்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள், விதிகள் போகவில்லை. அவற்றைக் காப்பாற்றுவதில் எங்களுக்கு இருந்த வீம்பு அவர்களுக்கே இருந்திருக்காது.

ஓடைப்பட்டியில் திராட்சை போட்டிருக்கும் நான் அதில் உறுப்பினர். கஸ்தூரியம்மாள் 1979-இல் எழுத்தராக வந்தவர். தினமும் காலை எட்டு மணிக்கு முற்றத்து மழைமானியில் அளவு பார்த்துக் குறிப்பார். கூட்டம் நடந்தால் தீர்மானப் புத்தகம் எழுதுவார். மகள் கல்யாணத்தன்றுகூடப் பட்டுச்சேலையோடு வந்து அளந்துவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனார். ஆனால் வருடா வருடம் அச்சாகும் மழை அட்டவணையின் கீழே செயலாளர் பெயர்தான் இருக்கும். உறுப்பினர் அல்லாதவர் பெயரைப் போடக் கூடாது என்பது விதி. அந்தச் செயலாளருக்கு மழைமானி எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியாது.

1997-இல் கஸ்தூரியம்மாள் உறுப்பினராக மனுக் கொடுத்தார். உறுப்பினரானால் சங்கத்தில் சம்பள வேலையில் இருக்க முடியாது. அதனால் என்ன, சும்மாவே வந்து அளக்கிறேன் என்று மனுவிலேயே எழுதியிருந்தார். முன்மொழிந்தவன் நான்.

"வேற ஒண்ணும் வேணாம்ணே. நான் அளந்த மழைக்குக் கீழ எம்பேரு ஒரு வருசமாச்சும் வரணும்" என்றார்.

உறுப்பினர் தேர்வுக்கு அந்தக் காலத்தில் வெள்ளை, கருப்புக் கோலிக்குண்டுகள் இருந்தனவாம். அவை தொலைந்த பிறகு மொச்சையும் புளியங்கொட்டையும் வந்தன. சம்மதம் என்றால் மொச்சை, இல்லையென்றால் புளியங்கொட்டை. துணி மூடிய பெட்டிக்குள் கைவிட்டுப் போட வேண்டும். ஒரே ஒரு புளியங்கொட்டை விழுந்தாலும் ஆள் தள்ளுபடி. ஆயுசுக்கும் மறுபடி மனுப் போட முடியாது.

பதினெட்டுப் பேர் போட்டோம். பெட்டியைக் கவிழ்த்து எண்ணுவது எழுத்தர் வேலை. அன்றைக்காவது வேறு யாராவது எண்ணட்டும் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினேழு மொச்சை, ஒரு புளியங்கொட்டை. அதை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். பிறகு, தன் மனு நிராகரிக்கப்பட்டது என்று தன் கையாலேயே எழுதி, தலைவரிடம் கையெழுத்துக்கு நீட்டினார். மறுநாள் எட்டு மணிக்கு அவர் வழக்கம்போல மழை பார்க்க வந்துவிட்டார்.

அதன்பிறகு சங்கம் தேய்ந்தது. சிலர் இறந்தார்கள், சிலர் பிள்ளைகளோடு சென்னைக்குப் போனார்கள். கூட்டம் நடக்க ஏழு உறுப்பினர்களாவது வேண்டும். தொடர்ந்து மூன்று வருடம் ஏழு பேர் சேராவிட்டால் சங்கம் கலைந்ததாக அர்த்தம். 2009 அந்த மூன்றாவது வருடம். ஆறு பேர் வந்து உட்கார்ந்திருந்தோம். கூடலூர்க்காரர் ஒருவர் வருகிறேன் என்றிருந்தார். பதினொரு மணிக் கூட்டத்துக்கு ஒரு மணி வரை வாசலையே பார்த்தோம். ஓரத்தில் கஸ்தூரியம்மாள் புத்தகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். அவரையும் சேர்த்தால் அறையில் ஏழு பேர்.

தலைவர் மொக்கைச்சாமி தோட்டக்கலைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கஸ்தூரியம்மாளை ஒருநாளும் கடிந்து பேசாதவர். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அன்னைக்குப் புளியங்கொட்டையப் போட்டது நான்தாம்மா. சம்பளமில்லாம சும்மா அளக்குறேன்னு சொல்றவுக எத்தன நாளைக்கு வருவாகன்னு நெனச்சேன். நீ நின்னுட்டா ஒன்னைய மாதிரி ஆளு கெடைக்காதேன்னு போட்டுட்டேன்."

கஸ்தூரியம்மாள் பேனாவைக் கையில் எடுத்தார்.

"இதைப் பொஸ்தகத்துல எழுதவா சார்?"

"வேணாம்மா."

அவர் எழுதவில்லை. வேண்டாம் என்று நாங்கள் சொன்ன எதையும் அவர் எழுதியதில்லை. ஆறு பேர் வந்தார்கள், கூட்டம் நடக்கவில்லை என்று மட்டும் எழுதி, புத்தகத்தை மூடி, சங்கக் கட்டடத்துச் சாவியை அதன்மேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் விடியற்காலையில் பெரியகுளத்தில் நல்ல மழை. முப்பது வருடத்தில் முதல் முறையாக அதை யாரும் அளக்கவில்லை.