சஹனுக்குத் திரும்பிய கை

ஸல்ஹாவோடு ஒரே சஹனில் உட்காருகிறவள் பட்டினிதான். எங்கள் கிண்ணியாக் கல்யாணங்களில் பெரிய தட்டம் ஒன்றில் சோற்றைக் குவித்து, நடுவில் பொரித்த கோழியை வைத்துக் கொண்டுவருவார்கள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து அந்தத் தட்டத்திலேயே கையால் சாப்பிடுவோம். அதுதான் சஹன். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் அவரவர் எடுக்க வேண்டும், அது மரியாதை. ஸல்ஹாவின் வலக்கைக்கு அந்த மரியாதை தெரியாது. நாங்கள் பிஸ்மி சொல்லி வாய் மூடுவதற்குள் கோழித்தொடை அவள் பக்கம் போயிருக்கும். கேட்டால், தானாகச் சறுக்கி வந்தது என்பாள்.

வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்த வளவுக்காரி. என்னைவிட இருபது வயது இளையவள், அக்கா முறையில் ராத்தா என்று என்னைக் கூப்பிடுவாள். விடியலில் இடியப்பம் அவித்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுப்பது அவள் தொழில். அவள் பிழிகிறபோது பக்கத்தில் நின்று பேச முடியாது, விலத்தடி என்று முழங்கையால் இடிப்பாள். அவள் புருஷன் முனீப் ஓட்டோ ஓடுகிறவர். நல்ல மனிதர். அந்த நல்ல மனம்தான் பிறகு எங்களுக்குத் தொல்லையாக வந்தது.

மாரிகாலத்தில் ஒரு காலை, மாப் பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே ஒருபக்கமாகச் சரிந்தாள். பாரிசவாதம். மூளைக்கு இரத்தம் போகிற குழாய் ஒன்று அடைபட்டுவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியால் திரும்பி வந்தபோது காலை இழுத்து இழுத்து நடந்தாள். முதலில் குழறிய பேச்சு பிறகு தெளிந்தது, வாய்க்கொழுப்பில் ஒரு குறையும் இல்லை. வலக்கை மட்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பார்சலைப் போல மடியில் கிடந்தது. மணிக்கட்டும் விரல் நுனிகளும் கொஞ்சம் அசையும், அவ்வளவுதான்.

மற்ற வேலைகளையெல்லாம் இடக்கை எடுத்துக்கொண்டது. சாப்பாட்டுக்கு மட்டும் அவள் அதை விடவில்லை. ஏலாதவர்கள் இடக்கையால் சாப்பிடுவதில் குற்றமில்லை என்று மௌலவியே வந்து சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. முனீப் குழந்தைப்பிள்ளைக்கு ஊட்டுவதுபோல மூன்று வேளையும் ஊட்டினார்.

அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம் வந்தது. நாங்கள் சஹனைச் சுற்றி உட்கார, அவளைக் கதிரையில் இருத்தி, தனிக் கோப்பையும் கரண்டியும் கொடுத்தார்கள். மகள் அம்ரா அள்ளி அள்ளி ஊட்டினாள். பெண்டுகள் எல்லோரும் பாவம், பாவம் என்று பார்த்துக்கொண்டே வயிறு முட்டத் தின்றார்கள். திரும்பி வரும்போது ஸல்ஹா என்னிடம் சொன்னாள்:

"ராத்தா, இனி என்னக் கலியாண வீட்டுக்குக் கூப்பிட வேணாம். மையத்து வீட்டுக்கு மட்டும் வாறன். செத்த வீட்டுல ஆரும் சஹன் வைக்கிறல்ல."

எனக்கு எரிச்சல் வந்தது. அவள்மேல் இல்லை, அந்தக் கரண்டியின்மேல்.

பாலம் தாண்டி டவுன் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனபோது நானும் ஓட்டோவில் ஏறினேன். முனீப் மட்டும் போனால் அழுவார், அம்ரா மட்டும் போனால் தலையாட்டுவாள். யாராவது ஒருத்தி கேள்வி கேட்க வேண்டும். பயிற்சி கொடுக்கிற மிஸ்ஸின் பெயர் பிரியதர்சினி. மெலிந்த பிள்ளை, ஆனால் ஆளைத் தூக்கி நிறுத்துகிற பிடி. இந்தக் கையால் முதலில் என்ன செய்ய ஆசை என்று ஸல்ஹாவிடம் கேட்டாள். இடியப்பம் பிழிய என்று அம்ரா முந்திக்கொண்டாள். ஸல்ஹா தலையைக் குனிந்துகொண்டு, சஹனில் உட்கார வேண்டும் என்றாள். மிஸ் சிரிக்கவில்லை. சஹனென்றால் என்னவென்று என்னிடம் கேட்டு அறிந்துகொண்டு, பிறகு என்னையே ஒரு கேள்வி கேட்டாள்.

"கிண்ணியாப் பாலம் உடைஞ்சா டவுனுக்கு என்னெண்டு வருவியள் அம்மா?"

"தோணியில. இல்லாட்டிக் கந்தளாய் சுத்தி."

"மூளையும் அப்பிடித்தான். செத்த இடம் செத்ததுதான். ஆனா பக்கத்தில இருக்கிற நரம்புகள் புதுக் கிளை விட்டுச் சுத்துவழி பிடிக்கும். ஆள் போய் வந்தாத்தான் பாதை விழும். எல்லா வேலையையும் இடக்கை செய்தா, அந்தப் பாதையால ஆர் போறது?"

நான் பள்ளிக்கூடம் போகாதவள். ஆனால் பாலம் கட்டுவதற்கு முந்தி பாதைப் படகில் ஏறி இறங்கியவள், அது எனக்கு விளங்கியது. போனில் எதையோ பார்த்திருந்த அம்ரா, வயது வந்தவர்களின் மூளையிலும் புதிய நரம்புக் கலங்கள் முளைக்குமாமே என்று கேட்டாள். மூளையின் சில இடங்களில் முளைப்பதாக ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் சொல்கிறார்கள், இல்லையென்று வேறு சிலர் சண்டை பிடிக்கிறார்கள், அது தீரும்வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க ஏலாது என்றாள் மிஸ். பிறகு, கட்டத்தான் வேண்டும், ஆனால் மற்றக் கையை என்றாள்.

அதுதான் வைத்தியம். பகலில் சில மணித்தியாலம் நல்ல கையைப் பூட்டி வைத்து, ஏலாத கையிடம் வேலை வாங்குவது. நடக்கும்போது கட்டக்கூடாது, அடுப்படியில் கட்டக்கூடாது, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். முனீப்பின் பழைய பந்தடிக் காலுறையை ஸல்ஹாவின் இடக்கையில் மாட்டி, மணிக்கட்டில் துணியால் சுற்றினோம்.

ஊருக்கு இது போதாதா? முனீப் பெண்சாதியைக் கட்டிப் போட்டிருக்கிறார், அவளில் ஜின் இறங்கியிருக்கிறது என்று கதை கிளம்பி, கடற்கரைத் தெருவால் ஒரு மனிசி போத்தலில் ஓதின தண்ணீர் கொண்டுவந்துவிட்டாள். காலுறையைப் பார்த்து மூன்றடி தள்ளித்தான் நின்றாள். நான் தண்ணீரைக் கிளாஸில் ஊற்றி ஸல்ஹாவின் வலக்கைப் பக்கம் வைத்தேன். ஓதினதைக் கீழே சிந்தினால் பாவம் என்று அவளுக்குப் பயம். விரல்களைக் கிளாஸில் சுற்றி, குனிந்து வாயைக் கொண்டுபோய், தாடையெல்லாம் நனைய, பாதியைக் குடித்துவிட்டாள். ஜின்னுக்குக் குடிக்கத் தெரிகிறது என்று சொல்லி அந்த மனிசியை அனுப்பிவைத்தேன்.

ஊறுகாய்க்கு வைத்திருந்த தேசிக்காயை வலக்கையால் பொறுக்கினாள். புளியங்கொட்டை பொறுக்கினாள். அதற்குப் பிறகு சோறு. உருட்டினால் உதிரும், தூக்கினால் வாய்க்கு வருமுன் மடியில் விழும். என் கோழிகள் அவள் காலடியை விட்டு அசையவில்லை, நன்றாகக் கொழுத்தன. தோள் வலித்தது, அழுதாள், கிழட்டு ஜெயில்காரி என்று என்னை ஏசினாள். ஏசட்டும். முனீப்தான் பொறுக்கமாட்டாமல் நான் அப்பால் போனதும் காலுறையைக் கழற்றி, கதவைச் சாத்திக்கொண்டு ஊட்டுவார். ஒருநாள் கையும் கோப்பையுமாகப் பிடித்தேன்.

"முனீப் தம்பி, நீங்க ஊட்டுற ஒவ்வொரு பிடியும் அவட கைக்குப் போடுற பிடிமண்," என்றேன்.

கபுறுக் குழியில் மூன்று பிடி மண் போட்டுப் பழகிய மனிதர். கோப்பையைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அவர் ஊட்டவில்லை.

மாதங்கள் போயின. ஒருநாள் அவளுக்கு ரோசம் வரட்டுமென்று, இப்போது உனக்குப் பதிலாக அம்ரா பிழிகிற இடியப்பம் உன்னுடையதைவிட மெத்தென்று இருக்கிறது என்று சொன்னேன். பொய்தான், அம்ராவின் இடியப்பம் கயிறு. ஸல்ஹா கொதித்துப்போய், என் மூக்குக்கு முன்னால் விரலை ஆட்டி ஆட்டித் திட்டத் தொடங்கினாள். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னகா பாக்கிறாய்?"

"எந்தக் கையால ஏசுறாய் எண்டு பாரு."

பார்த்தாள். காலுறை மாட்டின கை மடியில் சும்மா கிடந்தது. வலக்கை தோள்மட்டத்துக்கு எழும்பி, ஆட்காட்டி விரல் நீண்டு நின்றது. அவள் ஏச்சை நிறுத்திவிட்டு அந்த விரலை மடக்கினாள், நீட்டினாள், திரும்பவும் மடக்கினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து ஏசினாள். அதைப்போல இனிப்பான ஏச்சை நான் வாங்கியதில்லை.

போன மாதம் முனீப்பின் தங்கச்சி மகள் றிஷானாவுக்குக் கல்யாணம். ஸல்ஹா முதல் ஆளாக உடுத்து நின்றாள். பந்தியில் யாரோ பழைய இரக்கத்தோடு கோப்பையும் கரண்டியும் கொண்டுவந்து நீட்டினார்கள். அவள் அதை வலக்கைப் புறங்கையால் தள்ளிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கி, சஹனுக்கு முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பெண்டுகள் எல்லோரும் பார்க்காத மாதிரிப் பார்த்தார்கள். அம்ரா வட்டிலப்பத் தட்டை ஏந்தியபடி நின்ற இடத்திலேயே நின்றாள். ஸல்ஹா பிஸ்மி சொல்லிக் கையை நீட்டினாள். முதல் பிடி பாதி உதிர்ந்தது. இரண்டாவது பிடியை நிதானமாக உருட்டி, தூக்கி, வாய்க்குள் வைத்தாள். மென்றாள். ஒரு பருக்கை விழவில்லை. தலைவாசல் பக்கம் முனீப் மூக்கைச் சீறுகிற சத்தம் கேட்டது.

எனக்கும் கண் கலங்கிவிட்டது, சீலைத் தலைப்பால் துடைத்தேன். துடைத்து முடித்துக் குனிந்தால் எனக்கு முன்னால் இருந்த கோழித்தொடை இல்லை.

"ஸல்ஹா."

"தானாச் சறுக்கி வந்திச்சு ராத்தா," என்றாள், வாய் நிறைய இறைச்சியோடு.

வீட்டுக்கு வந்து பாணும் சம்பலும் தின்று பசியாறிவிட்டுத்தான் படுத்தேன்.