பரிசத்தன்று நான் கேட்ட முறை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முன்பல் இரண்டும் கட்டுப்பல்லாக இருப்பது அதனால்தான்.

இலங்கையில் கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நானும் என் கூட்டாளி செல்வியும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. பதினேழு வயதில், அவள் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தால் என் கூடை பாதிகூட நிறையாது. அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது காதல் என்பது, வெலிமடையிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தபோதுதான் என் மரமண்டைக்கு விளங்கியது.

பரிசத் தட்டு மாற்றுமுன் கங்காணி வழக்கம்போலக் கேட்டார்: "பொண்ணுக்கு முறை உள்ளவங்க யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க."

மாமன் மகன்களுக்கான கேள்வி அது. நான் எழுந்து, "எனக்கு இருக்குங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "உக்காருடி கிறுக்கி" என்றாள் அம்மா.

"வெளையாட்டு இல்லம்மா. அவ எனக்கு வேணும்."

செல்வியின் அண்ணன் விறகுக்கட்டையால் என் வாயிலேயே அடித்தான். விழுந்தவளை மிதித்தான். அப்பா தடுக்க ஓடிவருகிறார் என்று நினைத்தேன். அவரும் உதைக்கத்தான் வந்திருந்தார்.

திடீரென்று அவள் அண்ணன் அலறினான். பரிசத் தட்டாலேயே செல்வி அவன் மண்டையைப் பிளந்திருந்தாள். வெற்றிலையெல்லாம் இரத்தம்.

"அவளுக்கு முறை இருக்கு. நான் குடுத்தது" என்றாள்.

மறுவாரமே அவளை வெலிமடைக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீங்கிய முகத்தோடு லயத்துக்குள் கிடந்து அழுதேன். ஆனாலும் ஒன்று. அன்று என்னை அடிக்காமல் சிரித்தே அனுப்பியிருந்தால், அவள் மனசு எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.