அப்பாத்துரை சலித்த கடல்மணல்

என் வீட்டுக்காரர் அப்பாத்துரையைப் பற்றிப் பாளையங்கோட்டையில் யாரிடம் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். யோக்கியமான காண்ட்ராக்டர், கட்டிய வீட்டில் ஒரு விரிசல் கிடையாது, கலப்படம் தெரியாத மனுஷன். எல்லாம் சரிதான். ஆனால் சொல்கிறவர்களில் ஒருவர்கூட அவரோடு முப்பத்தேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்ததில்லை. நான் இருந்திருக்கிறேன். அதனால் நான் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

கொத்தனார்கள் மத்தியில் அவருக்குப் பெயர் சல்லடை அப்பாத்துரை. பதினைந்து வயதில் சித்தாளாகப் போனவரை முதல் நாளே மணல் சலிக்க விட்டார்களாம். அன்றைக்குப் பிடித்த பித்து. சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுத்த பிறகும் பூச்சு வேலைக்கு மணல் வந்தால் லாரிமேலேயே ஏறி ஒரு கைப்பிடி அள்ளுவார். இறுக்கிப் பிடித்துவிட்டு மணலைக் கொட்டி, உள்ளங்கையைப் பார்ப்பார். கை அழுக்காகியிருந்தால் அது சேறு கலந்த மணல், லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். சந்தேகமாக இருந்தால் கையை வேட்டியில் ஒரு இழு இழுத்துக் கறை பார்ப்பார். அந்த வேட்டியைத் துவைக்கிற புண்ணியவதி யார் என்று எந்த லாரிக்காரனும் கேட்டதில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என்ன செய்தார் தெரியுமா? காப்பியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கை நகத்தால் எங்கள் வீட்டுச் சுவரைச் சுரண்டினார். "பூச்சுக்கு மணல சரியா சலிக்கல மாமா" என்று என் அப்பாவிடம் சொன்னார். என்னைப் பார்த்தாரா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது?

கட்டிய வீடும் அப்படித்தான். முற்றம் முழுக்கச் சிமெண்ட் போட்டு மூடினார், புல் முளைத்துவிடக் கூடாதாம். நான் ஓரமாக வைத்த கனகாம்பரச் செடியைப் பிடுங்கினார், பூ உதிர்ந்து குப்பையாகிறதாம். வந்தவர்கள் எழுந்து போனதும் அவர்கள் கால் வைத்த இடத்தைத் துடைப்பார். சில நாள் எழுந்து போகும் முன்பே துடைப்பார். அப்புறம் யார் வருவார்கள்? சபையிலிருந்து ஜெபக் கூட்டத்துக்குக்கூட எங்கள் வீட்டைக் கேட்பதில்லை. எங்கள் ஒரே பையன் மெர்வின் கோயம்புத்தூரிலிருந்து வந்தால் இரண்டு நாள்தான் இருப்பான், மூன்றாம் நாள் லீவு இல்லை என்பான்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், இன்பம் டீச்சர் என்பார்கள். முப்பத்து மூன்று வருஷம். வருஷா வருஷம் முட்தோலிகள் பாடம் வரும்போது ஆய்வகத்திலிருந்து பார்மலின் பாட்டிலை எடுத்துவந்து மேஜையில் வைப்பேன். உள்ளே ஒரு நட்சத்திர மீன், வெளுத்துப்போய், விறைத்துப்போய். இது மணலுக்குள் புதைந்து இரை தேடும் என்று சொல்வேன். ஒரு தடவை முன்பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி, நீங்க பாத்திருக்கியளா டீச்சர் என்று கேட்டாள். பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பொய். ஒன்றரை மணி நேரத்தில் கடல். ஆனாலும் உயிரோடு ஒரு நட்சத்திர மீனை நான் பார்த்ததில்லை. கடற்கரைக்குப் போனால் காலில் மணல் ஒட்டும், கார் அழுக்காகும் என்கிற மனுஷனோடு எங்கே போய்ப் பார்ப்பது?

ஓய்வு பெற்ற வருஷமே முழங்கால் ஆபரேஷன். வீட்டுக்குள் நடக்கலாம், மணலில் நடக்க முடியாது என்றாகிவிட்டது. அப்போது மெர்வின், அம்மா உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். எனக்கு ஒரு உப்புத்தண்ணித் தொட்டி வேண்டும், அதில் மணல் சலிக்கிற நட்சத்திர மீன் வேண்டும், அது மணலுக்குள் இறங்குவதை ஒரு தடவையாவது என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். அறுபது வயதில் பொம்மை கேட்கிற மாதிரிதான் இருந்தது. கேட்டேன். கண்ணாடித் தொட்டி, பம்பு, விளக்கு எல்லாம் வாங்கி வைத்துவிட்டுப் போனான்.

மற்றதற்கு ரெக்சன் இருந்தான். விடுதியில் தங்கி என்னிடம் படித்தவன், இப்போது புன்னக்காயலில் சொந்தமாகப் படகு வைத்திருக்கிறான். ஆற்றுத் தண்ணீர் கலக்காத தூரத்துக்குப் போய்க் கேன் கேனாகக் கடல்தண்ணீர் பிடித்து வந்தான். இரண்டு சாக்கு மணலும் கொண்டுவந்தான். ஈரமும் நாற்றமுமாக, சிப்பித் துணுக்கும் சிறு பூச்சியும் புழுவுமாக, உயிருள்ள மணல்.

"டீச்சர், இத அலசிராதிய. இதுக்குள்ள ஊருறதத்தான் அது திங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கும் தெரிந்ததுதான். தொட்டியில் இந்த மணலைப் போட்டு மூன்று நான்கு மாதம் அப்படியே விட வேண்டும், பூச்சி புழு பெருக வேண்டும், அப்புறம்தான் மீனை விட வேண்டும். அவரிடமும் பாடம் எடுக்கிற மாதிரி எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார்.

மறுநாள் நான் காலுக்குப் பயிற்சி எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மதியம் திரும்பினேன். மனுஷன் மொட்டை மாடியில் நிற்கிறார். பூச்சு மணல் சலிக்கிற சல்லடை சுவரில் சாய்ந்திருக்கிறது. இரண்டு சாக்கு மணலையும் சலித்து, தண்ணீர் தெளிகிறவரை ஹோஸ் பிடித்து அலசி, வெயிலில் பரப்பி வைத்திருந்தார். வெள்ளை வெளேரென்று கிடந்தது. சலித்ததில் மிஞ்சியது வாளியில் இருந்தது, அதைக் காக்கை கொத்திக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணி வச்சிருக்கிய? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று கத்தினேன்.

அவர் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கொட்டி, உள்ளங்கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "ஏளா, மணலப் பத்தி எனக்குச் சொல்லித் தாறியா? பாரு, ஒரு பொட்டு அழுக்கு இருக்கா?" கையை வேட்டியிலும் ஒரு இழு இழுத்துக் காட்டினார். கறையே இல்லை.

அந்த மணலைத்தான் தொட்டியில் போட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, குடிபோகாத புது வீட்டைப் போல. வேறு மணல் கொண்டுவரச் சொல்லி ரெக்சனிடம் கேட்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கையிலேயே, பத்தே நாளில், வலையில் வந்தது என்று இரண்டு நட்சத்திர மீன்களை வாளியில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். ஐந்து கை, சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், கையோரமெல்லாம் முள். உயிரோடு இருந்தன.

இந்த இடத்தில் நான் என்னையும் சொல்லத்தான் வேண்டும். திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அந்த மணலில் ஒன்றும் இல்லை என்று முப்பத்து மூன்று வருஷம் பாடம் நடத்தியவளுக்குத் தெரியாதா? தெரிந்தது. ஆனால் கைகள் அசைவதைப் பார்த்த பிறகு எனக்கு மனசு வரவில்லை. தொட்டித் தண்ணீரை வாளியில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கி, உள்ளே இறக்கினோம். முதல் நிமிஷம் சும்மா கிடந்தன. பிறகு மணல் இரண்டு பக்கமும் விலக, அப்படியே கீழே போய்விட்டன. மேலே ஐந்து கோடு மட்டும் தெரிந்தது. நான் அழுதுவிட்டேன்.

அவருக்கும் தலைகால் புரியவில்லை. நாற்காலியைத் தொட்டி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நம்ம சாதி இது. நல்லா சலிக்கான் பாரு" என்பார். இரண்டுக்கும் கொத்தனார், கையாள் என்று பெயர் வேறு. முழுசாக ஒரு நாள் பேப்பர்கூடப் படிக்கவில்லை.

மூன்று வாரம் போனது. கையாள் இராப்பகலாக மணலைத் துருவியது. துருவி என்ன செய்ய? பசித்த வயிறு காலிப் பானையைத் துழாவுகிற மாதிரிதான். மணலுக்குள் இறங்குவதை விட்டுவிட்டு, கண்ணாடி ஓரத்தில் மேலேயே கிடக்க ஆரம்பித்தது. கை நுனிகள் மெலிந்தன. ரெக்சனிடம் சொல்லிச் சிப்பிக்கறி வாங்கி, பொடியாக நறுக்கி, ராச்சாப்பாட்டுக்கு முன் அவற்றின் அடியில் செருகி வைத்தேன். காலையில் கறி இருக்காது. தின்றுவிட்டன என்று சந்தோஷப்பட்டேன். அப்படியே இரண்டு வாரம். ஆனாலும் கையாளின் ஒரு கை கரைந்து விழுந்தது. மறுநாள் இன்னொன்று. தின்கிற உயிர் ஏன் கரைகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அன்று விடியற்காலையில் முழங்கால் வலியில் சீக்கிரம் எழுந்தேன். விளக்கைப் போட்டுக்கொண்டு, தேயிலை வடிகட்டியைத் தொட்டிக்குள் விட்டு, என் வீட்டுக்காரர் சிப்பிக்கறியைத் துண்டு துண்டாக அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். தினமும் செய்திருக்கிறார். அழுகினால் நாறுமாம், மணல் கறுத்துப்போகுமாம். ஒரு மூலையில் கையாள் செத்துக் குழைந்து கிடந்தது.

நான் கத்தவில்லை. கத்துகிற கட்டம் தாண்டிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னேன்.

"சுத்தமாத்தான் வச்சிருக்கிய. ஒரு குறையும் இல்ல. அதுக்குத் திங்கத்தான் ஒண்ணும் இல்ல. இந்த வீட்டுலயும் அப்படித்தான். எல்லாத்தையும் சலிச்சு வெளிய போட்டுட்டு, ஏன் ஒரு சனமும் வரலன்னு கேக்கிய."

அவர் வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் சொட்டித் தரை நனைந்தது. துடைக்கவில்லை. இன்னொன்று பிழைக்குமா என்று கேட்டார். இங்கே பிழைக்காது, கடலில் விட்டால் பிழைக்கலாம் என்றேன். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து கார்ச் சாவியை எடுத்தார்.

ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் என்று வாழைத்தோப்புகளின் ஊடே போனோம். கொத்தனாரைத் தொட்டித் தண்ணீரோடு எடுத்து வைத்த மூடிய வாளி என் காலடியில் இருந்தது. மேடு பள்ளத்தில் தண்ணீர் சிந்தி அவருடைய கார் மிதியடி நனைந்தது. அதைப் பார்த்தும் வண்டியை நிறுத்தவில்லை.

போனில் சொன்னபடி, புன்னக்காயலில் ஆற்று முகத்துக்குத் தள்ளி ரெக்சன் காத்திருந்தான். கார் நின்ற இடத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் கால் புதைகிற மணல். நான் கதவைத் திறந்து ஒரு காலை வைத்தேன். முழங்கால் பிசகியது. எனக்கு அதுதான் விதித்தது. அவர்கள் இருவரும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடலில் அது இறங்குவதைப் பார்க்க வேண்டியவள் நான். காரில் உட்கார்ந்திருந்தேன். மணலைச் சலித்துக் கொன்ற மனுஷன் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் அவர்மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு வேட்டி ஒட்ட நனைந்து, இடது கையில் வாளியோடு, வலது கையை மூடியபடி வந்தார். கார்க் கதவருகில் குனிந்தார்.

"பைய இறங்குச்சு, இன்பம். மொதல்ல நடுவால தாந்துச்சு. அப்புறம் கையெல்லாம் ஒண்ணொண்ணா. கடைசில ஒரு கை நுனி மட்டும் மேல நின்னுச்சு. அதுவும் போயிட்டு."

அவர் கைப்பிடியை விரித்தார். உள்ளங்கையில் கருஞ்சேறாக ஈர மணல். அதற்குள் நூல் மாதிரி ஒரு புழு நெளிந்தது. பக்கத்தில் மிளகு அளவு ஒரு சிப்பி வாயைத் திறந்து மூடியது.

"இதையா நான் சலிச்சு வெளிய போட்டேன்?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

அவர் அந்தப் பிடி மணலை வாளியில் மிஞ்சியிருந்த கடல்தண்ணீரில் மெதுவாக இறக்கி, மூடியைப் போட்டு, மறுபடி என் காலடியில் வைத்தார். கையை வேட்டியில் துடைக்கவில்லை. பாளையங்கோட்டை வரைக்கும் ஸ்டியரிங்கில் சேறு அப்பியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். நான் என்ன புதுப்பெண்ணா, அதற்கு மேல் எதிர்பார்க்க? ஆனால் வாளியில் இருந்ததைச் சலிக்காமல்தான் தொட்டியில் ஊற்றினார்.